மூக்குக்கண்ணாடி அணிந்து பறவை பார்ப்பவருக்கு ஏற்ற சிறிய பைனாகுலர்

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரை வரைபடங்கள் பெஸ்தாரி ஜெயா என்கின்றன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும், இங்கே பறவை பார்ப்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மின்கம்பியில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக அமர்ந்து தும்பி பிடிக்கும். பழைய செம்பனைகளைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்த வெளிக்கு மேல் கருஞ்சிறகுப் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். எலித்தொல்லையைக் குறைப்பதற்காகத் தோட்ட நிர்வாகம் கம்பங்களில் பொருத்தியிருக்கும் மரப்பெட்டிகளில் கூகை குடியிருக்கும். சட்டைப் பையில் ஒரு சிறிய பைனாகுலரைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் கிளம்பினால், பசியாறும் நேரத்துக்கு முன்பே பத்துப் பதினைந்து வகையாவது கண்ணில் பட்டுவிடும்.

ஆனால், மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அந்தச் சிறிய பைனாகுலரைக் கண்ணில் வைத்தவுடன் வேறொன்றைப் பார்க்கிறார். என் பெரியப்பா தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் முதன்முதலில் வாங்கிய 10×25 பைனாகுலரை அவரிடம் கொடுத்தபோது, சிறிது நேரம் இங்குமங்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஊதாங்குழல்ல பாக்குற மாதிரி இருக்கு, குருவியக் காணோமே!" என்றார். அவர் சொன்னது மிகச் சரியான வருணனை. குறை அவருடைய கண்ணிலும் இல்லை, லென்ஸின் தரத்திலும் இல்லை. அந்தக் கருவி மூக்குக்கண்ணாடி அணிபவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்படவில்லை. இதற்குக் காரணமான ஓர் அளவைப் புரிந்துகொண்டால், கடையில் எதைத் தொட வேண்டும், எதை மேசையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

பைனாகுலரின் உடலில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களிலிருந்து தொடங்குவோம். முதல் எண் உருப்பெருக்கம்: 8 என்றால், 40 மீட்டர் தொலைவில் இருக்கும் பறவை 5 மீட்டர் தொலைவில் இருப்பது போலத் தெரியும். இரண்டாவது எண், பறவையை நோக்கியிருக்கும் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்துக் கண்பக்க லென்ஸைப் பாருங்கள். கருப்புக்கு நடுவே ஒரு சிறிய வெள்ளை வட்டம் மிதப்பது தெரியும். 8×32 கருவியில் அது 4 மி.மீ., 8×25 கருவியில் சுமார் 3 மி.மீ., 10×25 கருவியில் 2.5 மி.மீ. கருவிக்குள் புகுந்த ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகவே வெளியே வருகிறது. உங்கள் கண்மணி அந்த வட்டத்தில் சரியாகப் பொருந்தினால்தான் படம் முழுமையாகத் தெரியும்.

இனி, உடலில் அச்சிடப்படாத மூன்றாவது எண்ணுக்கு வருவோம். மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு மற்ற இரண்டையும்விட இதுதான் முக்கியம். அந்த ஒளிவட்டம் கண்பக்க லென்ஸின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. லென்ஸுக்குச் சற்றுப் பின்னால், காற்றில் உருவாகிறது. லென்ஸின் வெளிப்பரப்பிலிருந்து அது உருவாகும் இடம் வரையுள்ள தொலைவைக் கண் இடைவெளி (eye relief) என்று சொல்லலாம். கண்மணி அந்த இடத்தில் இருந்தால் காட்சி விளிம்பு முதல் விளிம்பு வரை திறந்து கிடக்கும். கண் அதற்குப் பின்னால் தள்ளி நின்றால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். பெரியப்பாவின் ஊதாங்குழல் அதுதான். கண் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டால் நேர்மாறான தொல்லை வரும்: கருநிழல்கள் பிறை பிறையாகப் படத்தில் ஓடும்.

மூக்குக்கண்ணாடியின் பின்புறத்திலிருந்து கருவிழி வரை பொதுவாக 12 முதல் 14 மி.மீ. இடைவெளி இருக்கும், அதோடு கண்ணாடியின் தடிப்பு 1 அல்லது 2 மி.மீ. சேரும். அதாவது, பைனாகுலரை எவ்வளவு அழுத்தி வைத்தாலும் உங்கள் கண் ஏறக்குறைய 15 மி.மீ. தள்ளியே நிற்கிறது. கண் இடைவெளி 10 மி.மீ. மட்டுமே உள்ள கருவியை உங்களிடம் கொடுத்தால், அந்த ஒளிவட்டம் உங்கள் கண்ணை எட்டாமல் அதற்கு முன்னாலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. கண்ணாடி அணியாதவர் அதே கருவியைக் கண்குழியில் பதித்துக்கொண்டு குறையே இல்லாமல் பார்ப்பார். நண்பர் பரிந்துரைத்தார் என்பதற்காக வாங்குவதற்கு முன் அவர் கண்ணாடி போட்டவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே, தயாரிப்பாளரின் விவரத்தாளில் கண் இடைவெளி 15 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். 16 முதல் 18 வரை இருந்தால் நிம்மதியாக முயன்று பார்க்கலாம். ஆனால், இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தயாரிப்பாளர் லென்ஸின் பரப்பிலிருந்து அளக்கிறார். உங்கள் மூக்குக்கண்ணாடியோ லென்ஸைத் தொடுவதில்லை, லென்ஸைச் சுற்றி உயர்ந்திருக்கும் ரப்பர் வளையத்தைத் தொடுகிறது. வளையத்தை முழுவதும் இறக்கிய பிறகும் அதன் விளிம்பு லென்ஸைவிட 2 அல்லது 3 மி.மீ., சில கருவிகளில் அதற்கும் மேலாக, உயர்ந்து நிற்கும். தாளில் 16 என்று இருப்பது உங்கள் முகத்தில் 13 ஆகிவிடுவது இப்படித்தான்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, தொலைவுக்குக் குவியப்படுத்திய பைனாகுலரின் முன்பக்கத்தை வெளிச்சமான சன்னலை நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். கண்பக்க லென்ஸுக்குப் பின்னால் தாளை வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், தாளில் விழும் ஒளிப்பொட்டு ஓரிடத்தில் மட்டும் விளிம்பு கூர்மையாகவும் மிகச் சிறியதாகவும் மாறும். அந்த இடத்திலிருந்து, இறக்கிவிட்ட ரப்பர் வளையத்தின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். உங்களுக்கு உண்மையில் பயன்படும் இடைவெளி அதுதான். என் பழைய 10×25 கருவியில் அது 7 மி.மீ. தான் இருந்தது. அளந்த பிறகு பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எல்லாச் சிறிய பைனாகுலர்களுக்கும் தாராளமான கண் இடைவெளியைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒளியின் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அகன்ற காட்சி விரிந்த கோணத்தில் கண்ணை வந்தடைய வேண்டும். கண் லென்ஸிலிருந்து எவ்வளவுக்கெவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த லென்ஸ் அகலமாக இருக்க வேண்டும். சன்னலை ஒட்டி நின்றால் சிறிய சன்னலிலேயே தெரு முழுவதும் தெரியும். அறையின் மறுகோடியில் நின்றுகொண்டு அதே தெருவைப் பார்க்கப் பெரிய சன்னல் வேண்டும். 60 பாகைக் கோணத்தில் விரியும் காட்சியை 16 மி.மீ. தள்ளி நிற்கும் கண்ணுக்குக் கொடுக்கக் கண்பக்க லென்ஸ் சுமார் 21 மி.மீ. அகலம் இருக்க வேண்டும், 10 மி.மீ. தள்ளி நிற்கும் கண்ணுக்கு 15 மி.மீ. போதும். லென்ஸ் பெரிதானால் குழாய் தடிக்கிறது, எடை கூடுகிறது, விலையும் ஏறுகிறது. சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்று வடிவமைப்பவர் முதலில் குறைப்பது இந்த லென்ஸைத்தான்.

கடையில் விவரத்தாள் கைக்குக் கிடைக்கவில்லையென்றால் இந்தக் கணக்கே ஒரு குறுக்குவழியாகிறது. நம் 20 சென் காசின் விட்டம் 20.6 மி.மீ. கண்பக்க லென்ஸின் கண்ணாடிப் பகுதி, ரப்பரைச் சேர்க்காமல், ஏறக்குறைய அந்தக் காசின் அகலத்துக்கு இருந்தால் அந்தக் கருவியை முயன்று பார்க்கலாம். 17.8 மி.மீ. உள்ள 5 சென் காசைவிடத் தெளிவாகச் சிறியதாக இருந்தால், காட்சி குறுகியிருக்கும் அல்லது கண் இடைவெளி போதாமல் இருக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். இது தீர்ப்பு அன்று, காசோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு முதற்சோதனை மட்டுமே. லென்ஸ் கீறாமல் சற்று மேலே தூக்கிப் பிடித்து ஒப்பிடுங்கள்.

காட்சியின் அகலம் எவ்வளவு தேவை என்பதையும் தோட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். விவரத்தாளில் அது 1000 மீட்டர் தொலைவில் இத்தனை மீட்டர் என்றோ பாகையிலோ குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பாகை என்பது 1000 மீட்டரில் சுமார் 17.5 மீட்டர். செம்பனை மரங்களை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுவது வழக்கம் என்பதால், மூன்று மரம் தள்ளி மட்டையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தி நம்மிடமிருந்து 27 மீட்டரில் இருக்கிறது. 1000 மீட்டரில் 119 மீட்டர் காட்டும் கருவி, அந்த இடத்தில் சுமார் மூன்றே கால் மீட்டர் அகலத்தைக் காட்டும்: ஒரு மட்டையும் அதன் பக்கத்து மட்டையும் அடங்கும். கண் இடைவெளி போதாமல் ஓரம் வெட்டுப்பட்டு அதில் பாதிதான் தெரிகிறது என்றால், மட்டையின் நடுப்பகுதி மட்டுமே மிஞ்சும். ஒன்றுபோலவே இருக்கும் ஆயிரம் மட்டைகளுக்கு நடுவே எந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். பெரியப்பா குருவியைக் காணவில்லை என்றது இதனால்தான்.

அந்த 10×25 கருவியை வாங்கியதில் நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில், பத்து மடங்கு எட்டைவிட மேலானது என்று விற்பவர் சொன்னார். நானும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிர்க்கடைப் பலகையைப் பார்த்து மகிழ்ந்து காசைக் கொடுத்தேன். உருப்பெருக்கம் கூடக் கூடக் கையின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும் என்பது அப்போது தோன்றவில்லை. கண்ணாடி அணியாதவர் ரப்பர் வளையத்தைப் புருவ எலும்பில் ஊன்றிக்கொள்வார். நமக்கு அந்த ஊன்றுகோல் கிடையாது, வழுக்கும் கண்ணாடியின் மேல் பைனாகுலர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதோடு 2.5 மி.மீ. ஒளிவட்டத்தில் கண்மணியைப் பொருத்தி வைத்திருப்பது ஊசித்துளையில் நூல் கோப்பது போன்ற வேலை. கண்ணாடி அணிபவர் சிறிய கருவியில் எட்டு மடங்கைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆறரை மடங்குக் கருவி கிடைத்தால் அதையும் ஏளனம் செய்யாமல் முயன்று பாருங்கள்.

வெளிச்சமும் இங்கே கணக்கில் வரும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அன்று முதல் இந்த வட்டாரம் மட்டைகளின் கூரைக்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறது. காலை ஏழரை மணிக்குச் சாலையில் நல்ல வெளிச்சம் இருந்தாலும், வளர்ந்த மரங்களின் வரிசைக்குள் இன்னும் அந்தியைப் போலத்தான் இருக்கும். அந்த இருட்டில் கண்மணி விரிந்துகொள்கிறது; 4 மி.மீ. ஒளிவட்டம் தருகிற 8×32 கருவி, 2.5 மி.மீ. தருகிற 10×25 கருவியைவிட இரண்டரை மடங்கு ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பும். நிழலில் துள்ளும் தையல்சிட்டின் தலையில் உள்ள செம்பழுப்பு நிறம் தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் கேட்கும் கேள்வி: பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டால் என்ன? கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவருக்கு, மிதமான அளவு வரை, குவியச் சக்கரமே அதைச் சரிசெய்துவிடும். இரு கண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை டயாப்டர் வளையம் பார்த்துக்கொள்ளும். சிதறல் பார்வை (astigmatism) உள்ளவருக்கு எந்தச் சக்கரத்தைத் திருகினாலும் அது சரியாகாது. மூக்குக்கண்ணாடி ஒன்றுதான் அதைத் திருத்தும். பவர் மிக அதிகமாக உள்ளவருக்குச் சக்கரத்தின் ஓட்டம் போதாமல் போகலாம். இவற்றையெல்லாம்விட, பறவை காத்திருப்பதில்லை. வெறும் கண்ணால் அசைவைக் கண்டு, கண்ணாடியைக் கழற்றி, பைனாகுலரை உயர்த்தி, பார்த்து முடித்து மறுபடி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் பஞ்சுருட்டான் இரண்டு தும்பிகளைத் தின்றுவிட்டு வேறு கம்பிக்குப் போயிருக்கும். ஆகவே, கண்ணாடியோடு பார்க்கும்படியான கருவியைத் தேடுவதே முறை.

ரப்பர் வளையம் எப்படி இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். திருகி ஏற்றி இறக்கும் வகையில் இடையிடையே ‘டக்’ என்று நிற்கும் படிகள் இருந்தால் மிகவும் வசதி. மலிவான கருவிகளில் ரப்பரை மடித்துவிட வேண்டியிருக்கும். அது ஓரிரு ஆண்டுகளில் மடிப்பிலேயே வெடித்துவிடுகிறது. விளிம்பு மென்மையான ரப்பராக இருக்க வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக் விளிம்பு உங்கள் மூக்குக்கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறிவிடும், அதை மாற்றும் செலவு சில வேளைகளில் பைனாகுலரின் விலையை எட்டிப் பிடிக்கும்.

வெள்ளெழுத்து வந்தபின் தூரத்துக்கும் வாசிப்புக்குமாக ஒரே கண்ணாடியைப் போடுபவர்கள் இன்னொன்றையும் பழகிக்கொள்ள வேண்டும். அந்தக் கண்ணாடியின் மேற்பகுதி தூரத்துக்கு உரியது, கீழ்ப்பகுதி வாசிப்புக்கு உரியது. வடிகால் ஓரத்தில் நடக்கும் கானாங்கோழியைப் பார்க்கக் கண்ணை மட்டும் தாழ்த்தினால் பார்வை வாசிப்புப் பகுதிக்குள் விழுந்து, எவ்வளவு சக்கரத்தைத் திருகினாலும் படம் மங்கலாகவே இருக்கும். தலையோடு பைனாகுலரையும் சேர்த்துச் சாய்த்து, கண்ணாடியின் மேற்பாதியின் வழியாக நேராகப் பார்க்க வேண்டும். பிடிக்கும் முறையில் ஒரு சிறு உத்தி: இரண்டு கட்டைவிரல்களையும் கன்னத்தில் ஊன்றி, ஆள்காட்டி விரல்களைப் புருவத்தின் மேல் படிய வைத்துக்கொண்டால் நடுக்கம் அடங்குவதோடு, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில் பக்கவாட்டிலிருந்து புகும் வெயிலும் தடுக்கப்படும்.

எந்தக் கருவி என்று பெயர் சொல்லச் சொன்னால், எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று கிடையாது. உண்மையிலேயே சட்டைப் பையில் அடங்கும் அளவில், ஸ்வரோவ்ஸ்கியின் சிஎல் பாக்கெட் 8×25 கருவிக்குக் கண் இடைவெளி 17 மி.மீ.; சிறிய உடலிலும் இது முடியும் என்பதற்கு அது சான்று, அதற்கேற்ற விலையும் உண்டு. சற்றுப் பெரிய நிக்கான் மோனார்க் எம்7 8×30 கருவியின் காட்சி 8.3 பாகை, மிக அகலம். கண் இடைவெளி 15.1 மி.மீ. என்பதால் கண்ணாடி முகத்தோடு ஒட்டி நிற்பவருக்குப் போதும், மூக்கில் சரிந்து நிற்பவருக்குப் போதாமல் போகலாம். பெண்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 கருவி அரை மீட்டர் தொலைவிலுள்ள வண்ணத்துப்பூச்சியைக்கூடத் தெளிவாகக் காட்டும்; ஆனால் அது நீர்புகாத கருவி அன்று, நம் மழைக்கு அது ஒரு குறைதான். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், 25 மி.மீ. வகையின் கையடக்கத்தைவிட 30 அல்லது 32 மி.மீ. வகையின் வசதிக்கே நான் வாக்களிப்பேன். கழுத்தில் அரைக் கிலோ அல்லது அதற்குச் சற்று மேல் தொங்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

நீர்புகாத கருவிகளுக்குள் நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். அதனால் உள்ளே பனி படியாது. வெளிப்புறத்தில் படிவதை அது தடுக்காது: குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் மூக்குக்கண்ணாடியும் பைனாகுலரும் சேர்ந்தே மங்கிப்போவது நம் ஊரில் அன்றாட அனுபவம். கடைசி ஐந்து நிமிடம் சன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினால் போதும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை வேர்விடும்.

கடைக்குப் போகும்போது, வழக்கமாக வெளியில் அணியும் கண்ணாடியையே அணிந்து செல்லுங்கள். வளையத்தை முழுவதும் இறக்கி, வெளியே தொலைவில் உள்ள ஒன்றைப் பாருங்கள். காட்சியைச் சுற்றி ஒரு கருப்பு வட்ட விளிம்பு இருக்கும். கண்ணை உருட்டாமல் அந்த விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரியவில்லையென்றால், கண்ணாடியை விரலால் முகத்தோடு சற்று அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் காட்சி விரிந்தால் அந்தக் கருவியின் கண் இடைவெளி உங்களுக்கு மட்டுமட்டாகத்தான் இருக்கிறது; விற்பவர் என்ன சொன்னாலும் அடுத்ததை எடுங்கள். விளிம்பு தெரிந்து, பிறை நிழல்கள் ஓடினால் அது நல்ல குறி: இடைவெளி தேவைக்கு மேல் இருக்கிறது, வளையத்தை ஒரு படி ஏற்றினால் சரியாகிவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது 8×32. எனக்கு வளையம் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். முகத்தோடு ஒட்டிய சிறிய சட்டகம் அணியும் பெரியப்பாவுக்கு ஒரு படி ஏற்ற வேண்டும். டயாப்டர் வளையத்தை ஒவ்வொரு முறையும் தேடித் திருகுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பேத்தியின் நகச்சாயத்தை எடுத்து, தம் கண்ணுக்குப் பொருந்தும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டார். என் இடத்தைப் பச்சைப் பொட்டு காட்டுகிறது.